‘டக், டக்’ என்று ஒலிக்கும் ஹார்ட் டிஸ்க்

கேள்வி: மகள் பிறந்தது முதல் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் 1 டெராபைட் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருந்தேன். மேசையிலிருந்து விழுந்தபின் ‘டக், டக்’ என்று ஒலிக்கிறது, கணினியில் தெரிவதில்லை. எந்த ரெக்கவரி மென்பொருளை நிறுவலாம்?

பதில்: எதையும் நிறுவ வேண்டாம், டிஸ்க்கை மீண்டும் இணைக்கவும் வேண்டாம். இவ்வகை டிஸ்க்குகளில் தகவல் பதியும் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்கிறது. தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில் அதன்மேல், தகவலைப் படித்து எழுதும் ஹெட் மிதக்கிறது. விழுந்த அதிர்ச்சியில் ஹெட் பழுதாகி, தட்டிலுள்ள வழிகாட்டிக் குறிகளைப் படிக்க முடியாமல் பின்வாங்கிப் பின்வாங்கி முயல்வதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று கருதுகிறேன். அப்படி முயலும் ஒவ்வொரு முறையும் அது தட்டின் காந்தப் பூச்சைச் சுரண்டக்கூடும். சுரண்டிப்போன இடத்திலிருந்த படத்தை எந்த ஆய்வகத்தாலும் மீட்க இயலாது.

ஃப்ரீசரில் வைத்தெடுக்கச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெளியே எடுத்ததும் தட்டில் ஈரம் படியும் என்பதால் அதைச் செய்யாதீர்கள். ஸ்க்ரூ டிரைவரால் டிஸ்க்கைத் திறக்கவும் வேண்டாம், ஏனெனில் ஒரு தூசி ஹெட்டுக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளியைவிடப் பல மடங்கு பெரியது. தூசியற்ற அறையில், பொருந்தும் மாடல் டிஸ்க்கிலிருந்து ஹெட்டை எடுத்து மாற்றும் ஆய்வகத்திடம் கொடுங்கள். செலவு புதிய டிஸ்க்கின் விலையைவிடப் பல மடங்காகலாம். ஆகவே தொகையையும், மீட்க முடியாவிட்டால் என்ன கட்டணம் என்பதையும் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மென்பொருளுக்கு இடமுண்டு, ஆனால் ஒலியேதும் இன்றிச் சுழன்று, கோப்புகளைத் திறக்கத் திணறும் டிஸ்க்குக்குத்தான். அங்கும், விண்டோஸின் டிஸ்க் சரிபார்ப்புக் கருவியான செக்டிஸ்க்கை முதலில் ஓட்டுவது தவறு. அது பழுதான டிஸ்க்கிலேயே எழுதித் திருத்த முனையும். டிடிரெஸ்க்யூ போன்ற கருவியால் முழுப் பிரதியை வேறொரு டிஸ்க்குக்கு எடுத்து, அந்தப் பிரதியில் தேடுங்கள்.

உங்கள் கேள்வியில் என்னை உறுத்தியது வேறொன்று. கணினியில் இடம் போதாமல் படங்களை அந்த டிஸ்க்குக்கு நகர்த்தியிருப்பீர்கள். அது பேக்கப் அன்று, இடமாற்றம். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே என்ற 3-2-1 முறையைப் பின்பற்றுங்கள். கணினியில் எப்போதும் செருகியிருக்கும் டிஸ்க்கை, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் என்ற தீய மென்பொருள் சேர்த்தே பூட்டிவிடும் என்பதால், வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள். மாதம் ஒருமுறை பேக்கப்பிலிருந்து ஏதேனும் பத்துப் படங்களைத் திறந்தும் பாருங்கள்.

ஆய்வகத்துக்குப் பணம் கட்டுமுன், பழைய செல்பேசியின் மெமரி கார்டையும் கேமரா கார்டையும் தேடுங்கள். அழித்த கார்டானாலும், அதன்பின் புதிதாக எதுவும் எழுதப்படாவிட்டால் படங்கள் கிடைக்க வாய்ப்புண்டு. உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியவை தெளிவு குறைந்திருந்தாலும் அவர்களிடம் இருக்கக்கூடும்.