சைனா, காஸா? சாய்தளத்தில் தடுமாறும் மாணவருக்கு

கேள்வி: மேல்நிலை வகுப்பில் இயற்பியல் படிக்கிறேன். விசையைக் கூறுகளாகப் பிரிக்க "எக்ஸ் அச்சுக்கு காஸ், ஒய் அச்சுக்கு சைன்" என்று சொல்லிக்கொடுத்தார்கள். கயிறு கட்டிப் பெட்டியை இழுக்கும் கணக்குகளில் விடை சரியாக வருகிறது. சாய்தளக் கணக்கு வந்தால் மட்டும் எல்லாம் மாறிப்போகிறது. சரிவின் வாக்கில் உள்ள கூறுக்கு ஏன் சைன் வருகிறது? இதற்கென்றே ஷார்ட்கட் நோட்ஸ் விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். உங்களைக் கவிழ்த்ததே கையில் இருக்கும் ஒரு ஷார்ட்கட்தான். காசு கொடுத்து இன்னொன்று எதற்கு?

"எக்ஸ் என்றால் காஸ்" என்பது கோணத்தை எக்ஸ் அச்சிலிருந்து அளந்திருந்தால் மட்டும் சரி. உங்கள் பெட்டிக் கணக்குகளில் கயிறு தரையோடு 30 டிகிரி என்றே கொடுத்திருப்பார்கள், அதனால் தப்பித்தீர்கள். இழுவிசை 100 நியூட்டன் என்றால் கிடைக்கூறு 86.6, செங்குத்துக் கூறு 50. அதே கணக்கில் "கயிறு செங்குத்துக் கோட்டோடு 30 டிகிரி" என்று ஒரே ஒரு சொல்லை மாற்றிப் பாருங்கள். இப்போது கிடைக்கூறு 50, செங்குத்துக் கூறு 86.6. அச்சுகள் நகரவில்லை. கோணம் உட்கார்ந்திருக்கும் இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

இனி அச்சின் பெயரை மறந்துவிடுங்கள். கொடுத்த வெக்டர்தான் (அளவும் திசையும் உள்ளது, இங்கே விசை) செங்கோண முக்கோணத்தின் கர்ணம். கோணத்தை ஒட்டியிருக்கும் பக்கத்துக்கு காஸ், கோணத்துக்கு எதிரே இருக்கும் பக்கத்துக்கு சைன். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் புரியக்கூடிய விஷயம் இது. ஆனால் கணக்கு வகுப்பில் வரையும் முக்கோணம் எப்போதும் தரையில் சமமாகப் படுத்திருக்கிறது, கோணம் எப்போதும் இடது மூலையில் இருக்கிறது. அந்தப் படத்தைக் கொஞ்சம் திருப்பி வரைந்து காட்டக்கூட நேரம் ஒதுக்குவதில்லை. அப்புறம் இயற்பியல் வகுப்பில் வெக்டர் பாடத்தை வருடத் தொடக்கத்திலேயே அவசர அவசரமாக ஓட்டி முடித்துவிட்டு, வருடம் முழுக்க ஒவ்வொரு பாடத்திலும் அதையே கேட்கிறார்கள். மாணவர்கள் குழம்பாமல் என்ன செய்வார்கள்?

சரி, சாய்தளத்துக்கு வருவோம். ஒரு புத்தகத்தை மேசையில் படுக்க வையுங்கள். அதன் அட்டைமேல் ஒரு பேனாவை நேராக நிறுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது பேனா புத்தகத்துக்கும் செங்குத்து, மேசைக்கும் செங்குத்து. பேனா அட்டையோடு ஒட்டியபடியே இருக்க, புத்தகத்தின் ஒரு விளிம்பை 20 டிகிரி தூக்குங்கள். பேனாவும் அதே 20 டிகிரி சாயும். ஆனால் எடை சாயாது. அது எப்போதும் போல நேராகக் கீழ்நோக்கித்தான் இருக்கும். ஆக, பேனா காட்டும் கோட்டுக்கும் எடையின் கோட்டுக்கும் இடையில் இருப்பது சரியாக 20 டிகிரி. சரிவின் கோணம் எடைக்குப் பக்கத்தில் வந்து உட்காரும் இடம் இதுதான். சரிவுக்குச் செங்குத்தான கோடு இந்தக் கோணத்தை ஒட்டியிருக்கிறது, அதற்கு காஸ். சரிவின் வாக்கில் உள்ள பக்கம் கோணத்துக்கு எதிரே இருக்கிறது, அதற்கு சைன். உங்கள் கேள்விக்கு விடை இவ்வளவுதான்.

எண்ணோடு பார்த்தால் இன்னும் தெளியும். 10 கிலோ பெட்டி, எடை 98 நியூட்டன், சரிவு 20 டிகிரி. சரிவின் வாக்கில் இழுப்பது 98 × 0.342, அதாவது சுமார் 33.5 நியூட்டன். சரிவை அழுத்துவது 98 × 0.940, சுமார் 92 நியூட்டன். தளத்தை லேசாகத்தான் சாய்த்திருக்கிறோம். அப்படியிருக்க எடையில் பெரும்பகுதி தளத்தை அழுத்தத்தானே செய்யும்? சைனையும் காஸையும் மாற்றிப் போட்டிருந்தால், பெட்டி தளத்தை 33.5 மட்டும் அழுத்தி, 92 நியூட்டனோடு சரிவில் பாய்கிறது என்று வந்திருக்கும். பார்த்த மாத்திரத்தில் தப்பு என்று தெரிகிறது இல்லையா? அதனால்தான் சொல்கிறேன், படத்தை 45 டிகிரியில் வரையவே வரையாதீர்கள். 45-இல் சைனும் காஸும் ஒன்றே. தப்பாகச் செய்தாலும் விடை சரியாக வந்து, தப்பு அப்படியே ஒளிந்துகொள்ளும். 20 டிகிரிபோல ஒல்லியாக வரைந்தால் எது பெரியது, எது சிறியது என்று படமே சொல்லிவிடும்.

தேர்வு அறையில் சந்தேகம் வந்தால் கோணத்தைப் பூஜ்ஜியமாக்கிப் பாருங்கள். சரிவே இல்லை என்றால் பெட்டி எந்தப் பக்கமும் வழுக்காது. பூஜ்ஜியம் டிகிரியில் பூஜ்ஜியமாவது சைன்தான். எனவே சரிவின் வாக்கில் உள்ளது சைன். பத்து வினாடிகூட ஆகாது.

முக்கோணவியல் வாய்பாடுகளை எல்லாம் நம்பி நிற்கும் விஷயமும் இல்லை இது. வெக்டர் என்ற கருத்தே உருவாகாத 1586-இல், சைமன் ஸ்டெவின் என்ற கணித அறிஞர் இரண்டு சரிவுகளின்மேல் குண்டுகள் கோத்த ஒரு சங்கிலியைப் போட்டதாகக் கற்பனை செய்தார். சங்கிலி தானாகச் சுற்றிக்கொண்டே இருக்க முடியாது என்ற ஒரே நியாயத்தை வைத்து, உயரம் ஒன்றாக இருக்கும்போது சரிவு எத்தனை மடங்கு நீளமோ அத்தனை மடங்கு இழுப்பு குறையும் என்று காட்டினார். உயரத்தைச் சரிவின் நீளத்தால் வகுத்தால் வருவதைத்தான் நாம் சைன் என்கிறோம்.

இப்போது நோட்ஸ் விற்பவர்கள் பற்றி. இவர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகளைக் கவனித்திருக்கிறீர்களா? தங்கள் விதி எந்தக் கணக்கில் செல்லுமோ அந்தக் கணக்குகளை மட்டுமே போடுவார்கள். கோணத்தைச் செங்குத்துக் கோட்டிலிருந்து கொடுத்தால் என்ன செய்வது என்று கேளுங்கள், இரண்டாவது ஷார்ட்கட் வரும். சாய்தளத்துக்கு மூன்றாவது. இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்து, கடைசியில் எந்தக் கணக்குக்கு எந்த விதி என்பதற்கே ஒரு பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுகள் இந்த வியாபாரத்துக்குத் தீனி போடுகின்றன. அங்கே சைன் போட்டால் வரும் விடையும் இருக்கும், காஸ் போட்டால் வரும் விடையும் இருக்கும். படம் வரைந்தாயா என்று யாரும் கேட்பதில்லை, வரைந்தவருக்கு மதிப்பெண்ணும் இல்லை. படம் வரைவதைப் பிள்ளைகள் கைவிட்டதற்கு இந்த முறைதான் காரணம் என்பது என் உறுதியான கருத்து.

ஷார்ட்கட் நம்பியவர்கள் கூட்டமாக விழும் இடம் ஒன்று உண்டு. சாய்தளம் பழகியவுடனே, "சாய்வாக எது இருந்தாலும் செங்குத்து விசை என்பது எடை × காஸ்" என்று பலர் எழுதிவைத்துக்கொள்கிறார்கள். (செங்குத்து விசை என்றால் நேர்மேலே போகும் விசை அல்ல, தளம் தனக்குச் செங்குத்தாகப் பொருளைத் தள்ளும் விசை.) பிறகு சரிவாக அமைத்த வளைவுச் சாலைக் கணக்கு வருகிறது. உராய்வு இல்லை, சாலை 20 டிகிரி சாய்ந்திருக்கிறது, கார் மேலேயும் ஏறாமல் கீழேயும் இறங்காமல் வளைவில் ஓடுகிறது. காரின் எடை 10,000 நியூட்டன் என்று வையுங்கள். பழக்கதோஷத்தில் செங்குத்து விசை 9,397 நியூட்டன் என்று போடுவார்கள். தப்பு.

ஏன்? பெட்டி சரிவின் வாக்கில் வழுக்குகிறது, அதன் முடுக்கமும் சரிவின் வாக்கிலேயே இருக்கிறது. காரோ ஒரே உயரத்தில் வட்டமடிக்கிறது. அதன் முடுக்கம் வட்டத்தின் மையத்தை நோக்கி, கிடையாக இருக்கிறது. மேலும் கீழும் முடுக்கமே இல்லாததால், அந்தத் திசையில் விசைகள் சமமாக வேண்டும். எனவே இங்கே பிரிக்க வேண்டியது எடையை அன்று, சாலை தரும் செங்குத்து விசையை. அதன் மேல்நோக்கிய கூறு எடையைத் தாங்குகிறது: செங்குத்து விசை × காஸ் 20 = 10,000. ஆக, செங்குத்து விசை சுமார் 10,640 நியூட்டன். எடையைவிடக் கூடுதல்! 9,397 என்று எழுதியவரின் விடையைச் சோதித்துப் பாருங்கள். அதன் மேல்நோக்கிய கூறு சுமார் 8,830 மட்டுமே. 10,000 நியூட்டன் காரை அது எப்படித் தாங்கும்? இதில் கோணத்தைப் பூஜ்ஜியமாக்கும் சோதனையும் கைகொடுக்காது. சமதரையில் இரண்டு விடையுமே எடைக்குச் சமமாகிவிடும். முடுக்கம் எந்தப் பக்கம் என்று முதலில் கேளுங்கள், ஒரு அச்சை அந்தப் பக்கம் வையுங்கள், மற்றது அதற்குச் செங்குத்து. சரிவின் வாக்கிலேயே அச்சு வைப்பேன் என்று அடம்பிடித்தாலும் குற்றமில்லை, அப்போது முடுக்கத்தையும் கூறுகளாகப் பிரிக்க வேண்டும். அதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

வேறு சில பொறிகளும் உண்டு. வெக்டரைப் பிரித்த பிறகு பழைய அம்புக்குறியைப் படத்தில் அடித்துவிடுங்கள். இல்லையென்றால் எடையையும் எழுதி, அதன் கூறுகளையும் எழுதி, ஒரே விசையை இரண்டு முறை கூட்டிவிடுவீர்கள். இடப்பக்கமும் கீழ்ப்பக்கமும் போகும் கூறுகளுக்குக் கழித்தல் குறியை அப்போதே போட்டுவிடுங்கள். கால்குலேட்டர் டிகிரியில் இல்லாமல் ரேடியன் என்ற இன்னொரு கோண அலகில் இருக்கிறதா என்று பார்க்க சைன் 30 அழுத்துங்கள். 0.5 வந்தால் டிகிரி, மைனஸ் 0.988 வந்தால் ரேடியன்.

இந்த வாரம் பாடப் புத்தகத்திலிருந்து பத்து கணக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கும் விடை கண்டுபிடிக்க வேண்டாம். படம் வரைந்து, கோணம் எங்கே உட்காருகிறது என்று குறித்து, ஒட்டிய பக்கத்தில் காஸ், எதிர்ப்பக்கத்தில் சைன் என்று எழுதி நிறுத்துங்கள். பிறகு அதே பத்தையும் கோணத்தை மற்ற அச்சிலிருந்து கொடுத்ததாக மாற்றி, திரும்பவும் வரையுங்கள். இதில் எங்கே தடுமாறுகிறீர்களோ, அந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு போய் ஆசிரியரிடம் காட்டுங்கள். "சார், எனக்கு வெக்டர் புரியவில்லை" என்றால் அவரும் முழுப் பாடத்தையும் மறுபடி ஒப்பிப்பார். "இந்தக் கோணம் இங்கே ஏன் வந்தது?" என்று விரல் வைத்துக் கேட்டால் அதற்கு மட்டும் பதில் கிடைக்கும்.