சுவரில்லாமல் கூடும் புரதங்கள்

கேள்வி: உட்கருவுக்குள் சவ்வு போட்ட தனி அறைகள் இல்லை. மரபணுவைப் படியெடுக்கும் புரதங்கள் எப்படிச் சரியான இடத்தில் கூடுகின்றன? துளிகளாகத் திரள்கின்றன என்பது நிரூபணமானதா?
– உயிரியல் மாணவி, திருச்சி

பதில்: கூடுவதற்குச் சுவர் வேண்டியதில்லை, பிடிப்பு இருந்தால் போதும். படியெடுப்பைத் தூண்ட உதவும் மீடியேட்டர் என்ற புரதத் தொகுப்பிலுள்ள மெட்1, அதனுடன் பிஆர்டி4 ஆகிய புரதங்களில் நிலையான மடிப்பே இல்லாத நீண்ட பகுதிகள் உண்டு. அவற்றின் ஒவ்வொரு பிடிப்பும் பலவீனமானது. ஆனால் ஒரே மூலக்கூறு பலவற்றைப் பற்றும். செறிவு ஒரு வரம்பைத் தாண்டியதும், நீரில் எண்ணெய் பிரிவதுபோல் தனித் திரளாக ஒதுங்கிவிடும். அந்த வரம்பை எட்ட வைப்பது டிஎன்ஏ. மரபணுவின் வேகத்தை வலுவாகக் கூட்டும் சூப்பர் என்ஹான்சர் என்ற டிஎன்ஏ பகுதிகளில் படியெடுப்புக் காரணிகள் (மரபணுவை இயக்க டிஎன்ஏவில் அமரும் புரதங்கள்) நெருக்கமாக அமர்வதால் அங்கே மட்டும் செறிவு ஏறுகிறது. எலிக் கருவின் தண்டுச் செல்களில் இத்திரள்களை 2018இல் கண்டார்கள்.

திரளுக்குள் வந்த ஆர்என்ஏ பாலிமரேஸ் 2 (மரபணுவை ஆர்என்ஏவாகப் படியெடுக்கும் நொதி) வெளியேறுவது எப்படி என்பதுதான் அழகு. அதன் வாலில் ஏழு அமினோ அமிலங்கள் கொண்ட வரிசை, மனிதரில் 52 முறை வருகிறது. வெறும் வால் மீடியேட்டர் திரளில் ஒட்டும். சிடிகே7, சிடிகே9 நொதிகள் அதில் பாஸ்பேட் ஏற்றியதும் பிடிப்பு தளர்ந்து, ஆர்என்ஏவை வெட்டி ஒட்டும் ஸ்ப்ளைசிங் காரணிகளின் திரள்பக்கம் சாயும். புதிதாக உருவாகும் ஆர்என்ஏவும் சும்மா இருப்பதில்லை: கொஞ்சமாக இருந்தால் திரளை வளர்க்கும், மிகுந்தால் கரைக்கும்.

நிரூபணம் பற்றி: திரள்வது உண்மை. அது திரவத் துளிதானா, அதுவே படியெடுப்பை நடத்துகிறதா என்பதில் சண்டை ஓயவில்லை. உருண்டையாகத் தெரிந்தால் நம்பிவிடாதீர்கள். சாதாரண ஒளி நுண்ணோக்கியில் சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழுள்ள எதுவும் உருண்டைப் புள்ளிதான். ஒளிரும் புரதத்தை லேசரால் வெளுத்த இடத்தில் ஒளி மீண்டாலும் போதாது, டிஎன்ஏவில் ஒட்டிப் பிறகு விலகும் புரதமும் அப்படியே மீளும். திரளைக் கரைக்கப் பலரும் ஊற்றும் 1,6-ஹெக்சேன்டயால் என்ற வேதிப்பொருள் (பெரும்பாலும் 10 சதவீதம்), பாஸ்பேட் ஏற்றும் கைனேஸ் நொதிகளையும் முடக்கும். படியெடுப்பு நின்றால் காரணம் எது என்று சொல்ல முடியாது. சோதனைக்குழாயில் மூலக்கூறுகளை நெருக்கும் பெக்-8000 என்ற பாலிமரைச் சேர்த்தால் துளி எளிதில் வரும், செல்லில் அந்நிலை இல்லை. பிளாஸ்மிட் (வெளியிலிருந்து செலுத்தும் டிஎன்ஏ வளையம்) வைத்துப் புரதத்தை அளவுக்கு மீறி உற்பத்தி செய்தாலும் இதே கோளாறுதான்.

சரியாகச் சோதிக்க, செல்லின் சொந்த மரபணுவிலேயே கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையால் ஒளிரும் குறியைச் சேருங்கள். மடிப்பில்லாப் பகுதியை நீக்குங்கள், பிறகு வேறொரு புரதத்தின் அத்தகைய பகுதியை வையுங்கள். ஒவ்வொரு முறையும் திரளையும் ஆர்என்ஏ அளவையும் சேர்த்தே அளவிடுங்கள். இரண்டும் ஒன்றாக ஏறும் என்று எதிர்பார்க்காதீர்கள். யூவிங் சார்கோமா என்ற புற்றுநோயின் இடபிள்யூஎஸ்-ஃபிளை1 புரதத்தில் இந்த ஒட்டுதலை மிகையாக்கியபோது இலக்கு மரபணுக்களின் படியெடுப்பு குறைந்தது.