டெலியின் மூன்று சேடில், ஜாஸ்மாஸ்டரின் தாவும் கம்பி: மின் கிட்டார் கேள்வி – பதில்

கேள்வி: திட உடல் மின் கிட்டாரை முதலில் செய்தவர் லியோ ஃபெண்டர் என்று சிலர் சொல்கிறார்கள், லெஸ் பால் என்று சிலர். எது சரி?

பதில்: இந்த இரண்டு பெயர்களில் ஒன்றைச் சொல்லி முடித்துவிட முடியாது. காந்தச் சுருளால் ஒலியைப் பிடிக்கும் கிட்டாரை 1930களின் தொடக்கத்தில் சந்தைக்குக் கொண்டுவந்தவர்கள் ஜார்ஜ் பீச்சமும் அடால்ஃப் ரிக்கன்பேக்கரும். அலுமினியத்தில் வார்த்த அந்தக் கருவியை மடியில் கிடத்தி, கம்பிகள்மேல் உலோகத் துண்டை வழுக்கி வாசிக்க வேண்டும். அதன் வடிவத்தைப் பார்த்து 'வாணலி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1936இல் வந்த கிப்சன் ஈஎஸ்-150ஐ வழக்கம்போலப் பிடித்து வாசிக்கலாம். ஆனால் உடல் உள்ளீடற்றது. ஒலியைக் கூட்டினால் ஆம்ப் (ஒலிபெருக்கி) எழுப்பும் சத்தத்தில் உடலே அதிர்ந்து ஊளையிடும். அந்த ஊளையை ஒழிக்கத்தான் திட உடலைத் தேடினார்கள். 1940 வாக்கில் கிட்டார் கலைஞர் லெஸ் பால் நான்கு அங்குலச் சதுரக் கட்டை ஒன்றில் பிக்கப்பை, அதாவது ஒலி பிடிக்கும் காந்தச் சுருளைப் பொருத்திப் பார்த்தார். 1948இல் பால் பிக்ஸ்பி, கிட்டார் கலைஞர் மெர்ல் டிராவிஸுக்காகச் செய்த கிட்டாரில் கம்பியை முறுக்கும் ஆறு முளைகளும் தலையின் ஒரே பக்கத்தில் இருந்தன.

1950இல் ஃபெண்டர் செய்தது, இதைத் தொழிற்சாலையில் எண்ணிக்கையாகச் செய்யத்தக்க பொருளாக்கியது. நெக் (விரலால் கம்பியை அழுத்தும் கழுத்து) தனி, உடல் தனி, இணைக்க நான்கு திருகாணிகள். நெக் கெட்டால் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டலாம். என் பார்வையில் அந்த நான்கு திருகாணிகள்தான் ஃபெண்டரின் பெரிய சாதனை.

கிப்சனின் லெஸ் பால் மாடல் 1952இல் வந்தது. பொன்னிற முகப்புள்ள பழைய லெஸ் பாலான கோல்ட்டாப் என்றாலே உயர்வு என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் ஆண்டுக் கிட்டார்களில் நெக் சாய்வு போதவில்லை. அதனால் கம்பிகளை, அவற்றின் கடைமுனையைப் பிடிக்கும் டெயில்பீஸ் தண்டின் அடிவழியாகச் சுற்றிக் கொண்டுவர வேண்டியிருந்தது. உள்ளங்கையை, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜில் வைத்துக் கம்பியை அடக்கி வாசிக்க வழியில்லை. பிறகுதான் சாய்வைக் கூட்டித் திருத்தினார்கள்.

கேள்வி: என் டெலிகாஸ்டரில் பழைய பாணியில் மூன்று பித்தளைச் சேடில்கள் (பிரிட்ஜில் கம்பிகள் இரண்டிரண்டாக உட்காரும் உருளைகள்). 12ஆம் ஃபிரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) அழுத்தினால் டி கம்பி சுருதி இறங்கியும் ஜி கம்பி ஏறியும் நிற்கின்றன. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடுகிறது. ஆறு சேடில் பிரிட்ஜ் வாங்கிவிடலாமா?

பதில்: குறை உங்கள் கையில் இல்லை. இந்தப் பிரிட்ஜை வடிவமைத்தபோது ஜி கம்பியும், எஃகு இழைமேல் இன்னொரு கம்பி சுற்றிய சுற்றுக் கம்பிதான். சுருதித் திருத்தம் பெரும்பாலும் உள்ளே ஓடும் எஃகு இழையின் தடிமனைப் பொறுத்தது. சுற்றுக் கம்பியான ஜி-யின் உள்ளிழை மெல்லியது, டி-யின் இழைக்கு நெருக்கமானது. அதனால் இரண்டும் ஒரே சேடிலில் அதிகம் சண்டையில்லாமல் உட்கார்ந்தன. இன்று எல்லோரும் போடுவது சுற்றில்லாத ஜி. அது முழுக்கத் தடித்த எஃகு. அதற்குச் சேடில் பின்னால் போக வேண்டும், டி-க்கு முன்னால் வர வேண்டும். ஒரே உருளையால் இரண்டையும் செய்ய முடியாது.

ஆறு சேடிலுக்குப் போகும் முன் இரண்டு வழிகள் உண்டு. செலவில்லாத வழி முதலில்: புதுக் கம்பி மாட்டி, இழுத்துப் பதப்படுத்தி, சுருதி சேர்த்த பிறகு 12ஆம் ஃபிரெட்டில் ஹார்மோனிக்கையும் (கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலி) அழுத்திய ஸ்வரத்தையும் சுருதி காட்டும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய ஸ்வரம் ஏறியிருந்தால் சேடிலைப் பின்னுக்கு, இறங்கியிருந்தால் நட் பக்கம், அதாவது தலைப்பக்கம் முன்னுக்கு நகர்த்துங்கள். நடுச் சேடிலில் மட்டும், டி எவ்வளவு இறங்குகிறதோ ஜி அவ்வளவே ஏறும் இடத்தில் நிறுத்துங்கள். குழுவோடு வாசிக்கையில் இது காதில் உறுத்தாது.

இரண்டாவது வழி, துளை சாய்வாகப் போடப்பட்ட பித்தளை உருளைகள். உருளை சற்றுத் திரும்பி நிற்பதால் ஜி-க்கு நீளம் கூடுகிறது, டி-க்குக் குறைகிறது. பிரிட்ஜ் தட்டை மாற்ற வேண்டியதில்லை. ஒரே உருளையை இரண்டு கம்பிகள் சேர்ந்து அழுத்துவதால்தான் டெலிக்கு அந்தக் கணீரென்ற தாக்கு வருகிறது என்று பழைய கைகள் பிடிவாதமாகச் சொல்வார்கள். நானும் அந்தக் கட்சிதான். சாய்வு உருளையே போதும், ஆறு சேடில் வேண்டாம்.

கேள்வி: 'நோகாஸ்டர்' என்று ஒரு மாடல் உண்டா?

பதில்: அந்தக் காலத்தில் மாடல் இல்லை, இடைவெளி. 1950இல் வந்த தன் திட உடல் கிட்டாருக்கு ஃபெண்டர் வைத்த 'பிராட்காஸ்டர்' என்ற பெயர், கிரெட்ச் நிறுவனத்தின் டிரம் வகைப் பெயரோடு மோதியது. 1951இல் 'டெலிகாஸ்டர்' என்ற பெயர் முடிவாகும்வரை தலையில் ஒட்டும் முத்திரையிலிருந்து மாடல் பெயரை வெட்டிவிட்டு விற்றார்கள். பெயரில்லாத அந்தச் சில மாதக் கிட்டார்களுக்குப் பிற்காலச் சேகரிப்பாளர்கள் வைத்த பெயர் அது.

கேள்வி: ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர், அதாவது ஸ்ட்ராட்டில் தடித்த ஈ கம்பியை மேல் ஃபிரெட்டுகளில் வாசித்தால் ஒரே ஸ்வரத்துக்குள் இரண்டு சுருதி அடித்துக்கொள்வதுபோல் கேட்கிறது. ஜி கம்பி மட்டும் மற்றதைவிடக் கத்துகிறது. பிக்கப்பை மாற்ற வேண்டுமா?

பதில்: இவை இரண்டு வேறு நோய்கள்.

முதலாவது, காந்த இழுப்பு. ஸ்ட்ராட் பிக்கப்பில் முனைகளே காந்தங்கள், மூன்று பிக்கப்பிலும் சேர்த்து 18. மிக நெருக்கமாக இருந்தால் அவை கம்பியின் அதிர்வை ஒரு திசையில் பிடித்து இழுக்கும். கம்பி இரண்டு திசைகளில் இரண்டு வேகத்தில் ஆடும். கடைசி ஃபிரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு, கம்பியின் அடிப்பக்கத்துக்கும் காந்த முனைக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். தடித்த ஈ-யில் சுமார் 2.4 மி.மீ., மெல்லிய ஈ-யில் சுமார் 2 மி.மீ. இருக்கட்டும். அதற்குமேல் தாழ்த்தினாலும் தவறில்லை. ஒலி கொஞ்சம் குறையும், ஆனால் நீளமாக நிற்கும். நெக் பிக்கப்பில்தான் இந்தக் கோளாறு அதிகம், அதை முதலில் இறக்குங்கள்.

இரண்டாவது, மறுபடியும் அதே ஜி கம்பியின் கதை. ஸ்ட்ராட் வந்த 1954இல் ஜி சுற்றுக் கம்பியாக இருந்ததால், அதன் ஒலியை ஈடுசெய்ய அந்த முனையை உயரமாக வைத்தார்கள், பி முனையைத் தாழ்வாக. சுற்றில்லாத ஜி-யை அதன்மேல் நிறுத்தினால் கத்தத்தான் செய்யும். இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள்: உயர்ந்த காந்தத்தைத் தட்டி உள்ளே இறக்கப் பார்ப்பார்கள். பழைய பாணிப் பிக்கப்பில் தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பி நேராகக் காந்தங்களின் மேலேயே சுற்றப்பட்டிருக்கிறது. காந்தம் நகர்ந்தால் கம்பி அறுந்து பிக்கப் செத்துவிடும். மெல்லிய கம்பிகளின் பக்கத்தைச் சற்று இறக்கிப் பாருங்கள்; போதவில்லையென்றால் முனைகள் சமமாக இருக்கும் பிக்கப்பை வாங்குங்கள்.

கேள்வி: ஒரே கம்பித் தொகுப்பு ஸ்ட்ராட்டில் விறைப்பாகவும் லெஸ் பாலில் மெத்தென்றும் இருப்பது பிரமையா?

பதில்: பிரமையில்லை. ஸ்ட்ராட்டின் கம்பி நீளம் 25.5 அங்குலம், லெஸ் பாலின் நீளம் பெயரளவில் 24.75. ஒரே சுருதிக்கு இழுவிசை நீளத்தின் வர்க்கத்தோடு கூடும் என்பதால் ஸ்ட்ராட்டில் ஏறக்குறைய 6 சதவீதம் அதிகம். லெஸ் பாலில் 10 தொகுப்பு (மிக மெல்லிய கம்பியின் தடிமன் அங்குலத்தின் ஆயிரத்தில் 10 பங்கு) போடுபவர் ஸ்ட்ராட்டில் 9.5 போட்டால் கைக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

கேள்வி: 1950களின் பிஏஎஃப் ஹம்பக்கருக்கு (இரட்டைச் சுருள் பிக்கப்) நிகரான பிக்கப் என்று விளம்பரப்படுத்துகிறார்கள். 8 கிலோ ஓம் இருந்தால் அசலுக்கு நிகர் என்று நம்பலாமா?

பதில்: ஓம் எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். அது சுருளின் மின்தடை, அவ்வளவே. மெல்லிய கம்பியைக் குறைவாகச் சுற்றினாலும் அதே எண் வரும். சூடு ஏறினால்கூட மாறும். காந்த வகை, கம்பித் தடிமன், சுற்றுகளின் எண்ணிக்கை மூன்றையும் கேளுங்கள்.

கிப்சனில் சேத் லவர் வடிவமைத்த ஹம்பக்கர் 1957இல் லெஸ் பாலில் ஏறியது. ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றிய இரண்டு சுருள்கள், எதிரெதிர் காந்த முனைகள்: மின்சார இரைச்சல் ஒன்றையொன்று அழிக்கும், கம்பியின் ஒலி கூடும். காப்புரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறோம் என்று அடியில் ஒட்டிய சீட்டிலிருந்த 'Patent Applied For' என்பதன் முதலெழுத்துகள்தான் பிஏஎஃப். காப்புரிமை கிடைத்த பிறகு ஒட்டிய சீட்டில் இருந்த எண்ணோ ஹம்பக்கருடையதே அல்ல, லெஸ் பாலின் டெயில்பீஸுக்கு உரியது.

அசல்களே ஒன்றுபோல் ஒன்று இருக்காது. 42 அளவுக் கம்பி, சுருளுக்குச் சுமார் 5000 சுற்று என்பது பொது இலக்கு. நடைமுறையில் கூடும், குறையும். இரண்டு சுருள்களும் சமமில்லாமல் போனபோது இரைச்சல் கொஞ்சம் மிஞ்சியது, மேல் அதிர்வெண்களும் கொஞ்சம் மிஞ்சின. பலர் கொண்டாடும் அந்தத் தெளிவுக்கு இந்தச் சமமின்மையும் ஒரு காரணம்.

ஹம்பக்கரை ஸ்ட்ராட்டில் ஏற்றுபவர்களுக்கு ஒரு குறிப்பு: அங்கே ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழில் இருப்பது 250 கிலோ ஓம் பாட் (மாற்றக்கூடிய மின்தடை). ஹம்பக்கர் அதில் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் மந்தமாகும். வால்யூமுக்கு 500 கிலோ ஓம் பாட் போட்டு, ஒற்றைச் சுருள் பிக்கப்புகள் கூசாமலிருக்க, அவை ஒவ்வொன்றின் ஒலிமுனைக்கும் தரைமுனைக்கும் நடுவே 470 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவையுங்கள். அவற்றுக்குத் தெரிவது பழையபடி ஏறத்தாழ 242 கிலோ ஓம்தான்.

கேள்வி: ஃபெண்டர் பிரிட்ஜில் இருக்கும் கோலை 'டிரெமலோ' என்பது சரியா?

பதில்: தவறு, ஆனால் நிலைத்துவிட்டது. டிரெமலோ என்றால் ஒலியளவு ஏறி இறங்குவது. அந்தக் கோல் மாற்றுவது சுருதியை, அதாவது வைப்ராட்டோ. ஃபெண்டர் தன் ஆம்ப்களில் ஒலியளவை மாற்றும் வசதிக்கு 'வைப்ராட்டோ' என்று பெயரிட்டது. இரண்டும் நேர் தலைகீழ்.

கேள்வி: ஜாஸ்மாஸ்டரில் பலமாகத் தட்டினால் கம்பி சேடிலைவிட்டுத் தாவுகிறது, எங்கோ கரகரக்கிறது. இந்த வடிவமே தோல்விதானோ?

பதில்: வடிவம் தோற்கவில்லை, அதன் கம்பியை நாம் மாற்றிவிட்டோம். 1958இல் ஃபெண்டர் இதை ஜாஸ் கலைஞர்களை எண்ணிச் செய்தது. அவர்கள் போடுவது 12க்குக் குறையாத தடித்த கம்பி. அந்த இழுவிசை கம்பியைச் சேடிலில் அழுத்தி வைத்தது. ஜாஸ் உலகம் தன் உள்ளீடற்ற கிட்டார்களை விடவில்லை; சர்ஃப் இசைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்; 1970களில் பழைய ஜாஸ்மாஸ்டர்கள் மலிவாகக் கிடைத்ததால் டாம் வெர்லைன், எல்விஸ் காஸ்டெல்லோ போன்ற ராக் கலைஞர்கள் கைக்குப் போயின.

டெயில்பீஸ் பிரிட்ஜுக்கு வெகு பின்னால் இருப்பதால் கம்பி சேடிலில் மடியும் கோணம் மிகக் குறைவு. அதில் 9 தொகுப்பைப் போட்டால் தாவாமல் என்ன செய்யும்? முதலில் 11 போடுங்கள். பிறகு நெக்கைக் கழற்றி, உடலின் நெக் குழியில் அரை டிகிரி ஆப்பு ஒன்றை வையுங்கள். தடித்த முனை பிரிட்ஜ் பக்கம். நெக் பின்னால் சாயும், அதற்கேற்பப் பிரிட்ஜை உயர்த்துவீர்கள், மடிப்புக் கோணம் கூடும். ஆப்பு குழியின் முழு நீளத்துக்கும் இருக்க வேண்டும். ஒரு ஓரத்தில் மட்டும் அட்டைத் துண்டைச் செருகினால், நடுவில் வெற்றிடம் விழுந்து, நாளடைவில் நெக்கின் அடிப்பகுதி மேல்நோக்கி வளையும்.

கரகரப்பு பெரும்பாலும் சேடிலின் குட்டித் திருகுகளிலிருந்து வருவது. வாசிக்க வாசிக்க அவை தளர்ந்து இறங்கும். உயரம் சரிசெய்தபின் கழற்றக்கூடிய வகைத் திருகுப் பசையில் ஒரு துளி போதும். பிரிட்ஜ் தன் இரு கால்களில் முன்னும் பின்னும் ஆடுவது குறையில்லை. கோலோடு சேர்ந்து ஆடத்தான் அப்படிச் செய்தார்கள். அதை இறுக்கிக் கட்டாதீர்கள், நடுவில் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: நைட்ரோ பூச்சுள்ள கிட்டாரை ஸ்டாண்டில் நிறுத்தியதில், தொட்ட இடமெல்லாம் பூச்சு உருகினாற்போல் ஒட்டுகிறது. திரும்பச் சரியாகுமா?

பதில்: தானாக ஆகாது. ஸ்டாண்டின் ரப்பர், மிருதுவான பிளாஸ்டிக் ஆகியவற்றிலிருந்து கசியும் மென்மையாக்கி நைட்ரோசெல்லுலோஸைக் கரைக்கிறது. ஒட்டும் இடத்தைத் துடைக்காதீர்கள், கிட்டாரை ஸ்டாண்டிலிருந்து எடுத்துச் சில வாரம் காற்றில் விடுங்கள். இறுகியபின் மெல்லிய உப்புத்தாளால் சமன்செய்து மெருகேற்றலாம். தடம் ஆழமென்றால் அந்த இடத்தில் புதிதாகப் பூச வேண்டும். இனி ஸ்டாண்டின் தொடும் பாகங்களில் வெள்ளைப் பருத்தித் துணியைச் சுற்றிவிடுங்கள். சாயத் துணி வேண்டாம், நிறம் இறங்கும்.