கோப்பை ஓர் ஊருக்கு, லீக் இடம் வேறோர் ஊருக்கு
எல்லைப்புற வாசகர்களின் கால்பந்துக் கேள்விகள்

கேள்வி: எங்கள் ஊர் செவன்ஸ் (எழுவர் கால்பந்து) பந்தயத்தில் வினாடி வினா வைத்தோம். 1988-ல் லிவர்பூலை வீழ்த்தி இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை வென்றது யார் என்று கேட்டதற்கு ஒருவர் ‘எம்.கே. டான்ஸ்’ என்றார், இன்னொருவர் ‘ஏ.எஃப்.சி. விம்பிள்டன்’ என்றார். பரிசு இன்னும் எங்கள் கையில்தான் இருக்கிறது. யாருக்குக் கொடுப்பது?
– தூத்தூர் வாசகர்

பதில்: கறாராகப் பார்த்தால் இருவருக்கும் இல்லை. வென்றது விம்பிள்டன் எஃப்.சி. இன்று அந்தப் பெயரில் கிளப் கிடையாது. கொடுத்தே ஆகவேண்டுமென்றால் இரண்டாமவருக்குக் கொடுங்கள்; ஏ.எஃப்.சி. விம்பிள்டன் அந்தப் பழைய கிளப்பின் ரசிகர்களே தொடங்கியது.

சிக்கல் மைதானத்தில் ஆரம்பித்தது. விம்பிள்டன் 1912 முதல் ஆடிவந்தது பிளவ் லேன் என்ற சின்ன மைதானத்தில். 1989-ல் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசல். அதில் 97 உயிர்கள் போயின. விசாரித்த டெய்லர் அறிக்கை, மேல்மட்ட மைதானங்களில் நின்று பார்க்கும் படிகளை எடுத்துவிட்டு முழுக்க இருக்கை போடச் சொன்னது. பிளவ் லேனை அப்படி மாற்ற முடியாது என்று சொல்லி, 1991-ல் கிளப், கிரிஸ்டல் பேலஸ் என்ற வேறொரு கிளப்பின் செல்ஹர்ஸ்ட் பார்க் மைதானத்துக்கு வாடகைக்குப் போனது. தற்காலிகம் என்று சொன்ன ஏற்பாடு 12 ஆண்டு நீடித்தது. 2000-ல் உச்ச மட்டமான பிரீமியர் லீக்கிலிருந்தும் இறங்கியாயிற்று. சொந்த மைதானம் கிடையாது, நஷ்டமோ ஏறிக்கொண்டே போனது. 90 கிலோமீட்டர் வடக்கே இருக்கும் மில்டன் கீன்ஸுக்குக் கிளப்பையே பெயர்த்துக்கொண்டு போக உரிமையாளர்கள் கேட்டார்கள். களியக்காவிளைக் கிளப்பைக் கொல்லத்துக்குக் கொண்டுபோகிற மாதிரி. 2002 மே 28 அன்று எஃப்.ஏ. (இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம்) அமைத்த மூவர் குழு 2-1 என்ற கணக்கில் அதற்கு அனுமதி கொடுத்தது.

2003 செப்டம்பரில் அணி அங்கே ஆடத் தொடங்கியது, 2004-ல் மில்டன் கீன்ஸ் டான்ஸ் என்று பெயரும் மாறியது. லீக் இடம் அவர்களுக்குப் போனது. பழைய வரலாற்றையும் கொஞ்ச காலம் தங்களுடையதாகத்தான் சொல்லிக்கொண்டார்கள். மற்ற கிளப்புகளின் ரசிகர்கள் விடாமல் எதிர்த்ததில், கோப்பை நகல்களையும் பழைய சின்னங்களையும் 2007-ல் விம்பிள்டன் அடங்கிய மெர்ட்டன் நகராட்சியிடம் ஒப்படைத்தார்கள். எம்.கே. டான்ஸ் இப்போது தன் வரலாற்றை 2004-லிருந்துதான் கணக்கிடுகிறது. முதலாமவரின் விடை அங்கேயே அடிபட்டுப் போகிறது.

கேள்வி: அமெச்சூர் கிளப்பாக இருந்த விம்பிள்டன் அவ்வளவு உயரம் போனது எப்படி?
– களியக்காவிளை வாசகர்

பதில்: பொறுமையாகத்தான். 1889-ல் பள்ளிப் பழைய மாணவர்கள் தொடங்கிய கிளப் இது. 1963-ல் அமெச்சூர் கோப்பை. இறுதியாட்டத்தில் சட்டன் கிளப்பை 4-2 என்று வென்றார்கள், எடி ரெனால்ட்ஸ் அடித்த நான்குமே தலையால் முட்டியவை. பிறகு 1975, 76, 77 என்று தொடர்ந்து மூன்று முறை சதர்ன் லீக் பட்டம். அப்போதெல்லாம் சாம்பியன் ஆனாலும் மேலே இருந்த ஃபுட்பால் லீக்குக்குத் தானாகப் போக வழி கிடையாது. அந்த லீக்கில் கடைசியில் வந்த கிளப்புகள் மறுபடி விண்ணப்பிக்கும், லீக் கிளப்புகள் ஓட்டுப் போடும். தெரிந்தவர்களையே வைத்துக்கொள்வது வழக்கம். 1977-ல் வொர்க்கிங்டனைத் தள்ளிவிட்டு விம்பிள்டனை எடுத்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன் எஃப்.ஏ. கோப்பையில் பர்ன்லியை அதன் ஊரிலேயே வென்று, லீட்ஸில் போய் 0-0 சமன் செய்ததும் ஒரு காரணம். அன்று லீட்ஸ் ஆட்டக்காரர் லோரிமரின் பெனால்டியைத் தடுத்தவர் விம்பிள்டனின் கோலி (கோல்காப்பாளர்), டிக்கி கை என்பவர்.

அங்கிருந்து அன்றைய உச்ச மட்டமான முதல் டிவிஷனுக்கு 9 ஆண்டு. ஆட்டம் பார்க்க அழகாக இருக்காது. கோலி பீசன்ட் நீளமாக உதைப்பார், ஃபஷானு தலையால் இறக்குவார், சிதறும் பந்தை மற்றவர்கள் பொறுக்குவார்கள். அழகில்லை என்று திட்டியவர்கள் எல்லாம் அதைத் தடுக்கவும் திணறினார்கள்.

1988 மே 14 இறுதியாட்டத்தில் 37-ஆவது நிமிடம் விம்பிள்டனின் வைஸ் அடித்த ஃப்ரீ கிக்கை சக ஆட்டக்காரர் சான்செஸ் தலையால் திருப்பினார், 1-0. இரண்டாம் பாதியில் லிவர்பூலின் ஆல்ட்ரிஜுக்குப் பெனால்டி. அவர் ஓடிவரும்போது ஒரு நொடி தயங்கி, கோலி எந்தப் பக்கம் சாய்கிறார் என்று பார்த்து எதிர்ப்பக்கம் அடிப்பவர். பீசன்ட் இதை முன்பே கவனித்து வைத்திருந்தார். அசையாமல் நின்றார், பந்து புறப்பட்ட பிறகே இடப்பக்கம் பாய்ந்தார். வெம்ப்லி எஃப்.ஏ. கோப்பை இறுதியில் தடுக்கப்பட்ட முதல் பெனால்டி அதுதான். உங்கள் ஊர்க் கோலிகளுக்கு இந்தத் துண்டு வீடியோவைப் போட்டுக் காட்டுங்கள்.

கேள்வி: ரசிகர்களே சேர்ந்து ஏ.எஃப்.சி. விம்பிள்டனைத் தொடங்கினார்கள் என்கிறார்களே, காசு எங்கிருந்து வந்தது? நாங்களும் அப்படிச் செய்யலாமா?
– கொல்லங்கோடு வாசகர்

பதில்: 2002 ஜூனில் விம்பிள்டன் காமன் என்ற பொதுவெளியில் ஆள் தேர்வு நடத்தினார்கள், 230 பேர் வந்தார்கள். சேர்ந்தது ஒன்பதாம் படிநிலையில் இருந்த லீக்கில். அங்கிருந்து 9 பருவங்களில் 5 ஏற்றம். நடுவில் 78 லீக் ஆட்டங்கள் தோல்வியே இல்லை. 2011-ல் லூட்டனைப் பெனால்டியில் வென்று ஃபுட்பால் லீக்குக்குள் நுழைந்தார்கள். 2020 நவம்பரில் பிளவ் லேனுக்கே திரும்பினார்கள், பழைய மைதானத்துக்குச் சில நூறு அடி தள்ளி.

பெரும்பான்மைப் பங்கு டான்ஸ் டிரஸ்ட் என்ற ரசிகர் சங்கத்திடம். எவ்வளவு பணம் போட்டாலும் ஒருவருக்கு ஒரு ஓட்டுதான். புது மைதானத்துக்குப் பணம் பற்றாதபோது கடன் பத்திரம் வெளியிட்டு 50 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டினார்கள். 0 முதல் 4 சதவீதம் வரை வட்டி எவ்வளவு என்பதைக் கொடுப்பவரே எழுதலாம். பாசத்தில் கொடுத்தாலும் அது கடன்தான், தவணை வந்தால் திருப்ப வேண்டும்.

உங்கள் அளவுக்கு 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் போதும். குறைந்தது 7 உறுப்பினர்கள் வேண்டும். விதிமுறையில் இரண்டை முதலிலேயே எழுதுங்கள்: ஆளுக்கு ஒரு ஓட்டு, மைதானத்தையோ பெயரையோ மாற்றப் பொதுக்குழு ஒப்புதல். விம்பிள்டனின் பழைய ரசிகர்களுக்கு இந்த இரண்டாவது உரிமை இருந்திருந்தால் மில்டன் கீன்ஸ் பேச்சே எழுந்திருக்காது. வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்கட்டும், செயலாளர் பெயரில் வேண்டாம்.

கேள்வி: பதிவுக் கோளாறு ஒன்றுக்காக ஏ.எஃப்.சி. விம்பிள்டனுக்கு 18 புள்ளி வெட்டினார்களாமே? எங்கள் அணியில் கேரளம், தமிழ்நாடு இரண்டு பக்கத்துப் பையன்களும் ஆடுகிறார்கள், அதனால் கேட்கிறேன்.
– பாறசாலை வாசகர்

பதில்: உண்மைதான், 2007-ல். ஆட்டக்காரர் ஜெர்மைன் டார்லிங்டன். முன்பு அவர் பதிவாகியிருந்தது கார்டிஃப் சிட்டியில். கார்டிஃப் ஆடுவது இங்கிலாந்து லீக்கில் என்றாலும் ஊர் வேல்ஸ், சங்கமும் வேறு. ஆகவே நாடு விட்டு நாடு வருகிறவருக்கான சர்வதேச மாற்றுச் சான்று வேண்டும். அது வாங்காமலே களத்தில் இறக்கிவிட்டார்கள். அவர் ஆடிய ஆட்டங்களின் புள்ளிகள் போயின, எஃப்.ஏ. டிராஃபி போட்டியிலிருந்தும் நீக்கம். மேல்முறையீட்டில் 18 என்பது 3 ஆகக் குறைந்தது.

உங்களுக்குச் சர்வதேசச் சான்று தேவையில்லை. ஆனால் கேரளச் சங்கமும் தமிழ்நாட்டுச் சங்கமும் வேறு வேறு. பையன் மார்த்தாண்டம் பக்கத்துக் கிளப்பில் ஆடியிருந்தால், அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் சி.ஆர்.எஸ். என்ற ஆட்டக்காரர் இணையப் பதிவில் அவன் பெயர் இன்னும் அங்கேயே நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் முதலில் மாற்றம், பிறகுதான் ஆட்டம். ‘ஏற்கெனவே எழுதிக் கொடுத்துட்டோம்’ என்ற வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம். ஒப்புதல் வந்த திரையை அச்சிட்டு, ஆட்டத்துக்கு எடுத்துப்போகும் கோப்பில் வையுங்கள். செவன்ஸ் பந்தயங்கள் கூட்டமைப்புக்கு வெளியே நடப்பதால் அங்கே இந்தக் கேள்வி வராது. மாவட்ட லீக்கில் கட்டாயம் வரும்.