கோடிங் தெரியாத நான், ஏஐ துணையோடு என் கடைக்கு ஒரு ஆப் செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். என் சித்தப்பாவின் பாத்திர வாடகைக் கடையில் இப்போது முன்பதிவு முழுவதும் நான் செய்த ஆப்பில்தான் நடக்கிறது. நான் வணிகவியல் படித்தவன். நிரல் எழுதத் தெரியாது. தரவுக்குக் கூகுள் ஷீட், அதன்மேல் அந்த ஷீட்டை நிரல் எழுதாமலே ஆப்பாக மாற்றித் தரும் ஆப்ஷீட், கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு ஏஐ உதவியாளர். இவ்வளவுதான் கருவிகள். ஆப்ஷீட்டைக் கூகுள் 2020இல் வாங்கியது. சிலரை மட்டும் வைத்துச் சோதித்துப் பார்க்கக் கட்டணம் கிடையாது.

"பாத்திரக் கடைக்கு ஆப் செய்து கொடு" என்று மட்டும் கேட்காதீர்கள். யார் கடைக்கும் உதவாத ஏதோ ஒன்றுதான் வரும். கடையில் நடப்பதை நடப்பதுபோலவே எழுதுங்கள். நான் எழுதியது இது: "ஒரே முகூர்த்தத்துக்கு மூன்று வீட்டார் கேட்டு வருவார்கள். பெரிய அண்டா மொத்தம் 12. முதல் நாள் மாலை போனால் மறுநாள் இரவுதான் திரும்பும். கரண்டிகள் குறைந்து வந்தால் முன்பணத்தில் பிடிப்போம்."

இதை வைத்து ஏஐ நான்கு அட்டவணைகள் போடச் சொன்னது: பொருட்கள், வாடிக்கையாளர்கள், முன்பதிவுகள், ஒவ்வொரு முன்பதிவிலும் போகும் பொருட்கள். அந்த நான்காவதைத் தனியே பிரித்ததுதான் உயிர்நாடி. நோட்டில் ஒரு வீட்டுக் கணக்கை ஒரே வரியில் எழுதிப் பழகியவர்களுக்கு அது எளிதில் தோன்றாது. வரிசை எண்ணை அடையாளமாக வைக்காமல் யுனிக்ஐடி, அதாவது ஒவ்வொரு வரிக்கும் தானாக உருவாகும் தனிக் குறியீடு, வைக்கவும் அதுவே சொன்னது. நடுவில் ஒரு வரியை நீக்கினால் வரிசை எண்கள் நகர்ந்து, ஒருவர் எடுத்த அண்டா இன்னொருவர் கணக்கில் ஏறிவிடும்.

சூத்திரங்களில் மட்டும் ஏஐயைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். ஷீட்டில் இருக்கும் விலுக்கப் (VLOOKUP) என்ற தேடல் சூத்திரத்தை ஆப்ஷீட்டுக்கும் எழுதித் தரும். அப்படி ஒன்று அங்கே இல்லை. ஆப்ஷீட் உடனே பிழை காட்டிவிடும் என்பதால் அதில் ஆபத்தில்லை. பிழை காட்டாமல் தவறான எண்ணைத் தரும் சூத்திரம்தான் ஆபத்து. குறிப்பிட்ட தேதியில் எத்தனை அண்டா மீதம் என்பதற்கு அது தந்த சூத்திரம் புதிய பதிவுகளுக்குச் சரியாகவே வேலை செய்தது. ஆனால் 8 அண்டா கேட்ட பழைய பதிவைத் திறந்து 9 ஆக்கினால், "மீதம் 4தான்" என்று மறுத்தது. அந்தப் பதிவு ஏற்கெனவே எடுத்த எட்டையும் சேர்த்துக் கழித்திருக்கிறது! நடந்ததை அப்படியே சொன்னதும், திருத்தப்படும் வரியைக் கணக்கில் சேர்க்காமல் விடும் நிபந்தனையைச் சேர்த்துத் தந்தது. இத்தகைய பிழையைப் பிடிக்க நிரலறிவு தேவையில்லை. பழைய நோட்டில் ஒரு நெரிசலான முகூர்த்த நாளை எடுத்து, எல்லாப் பதிவுகளையும் ஆப்பில் ஏற்றி, கையால் போட்ட கணக்கோடு ஒப்பிட்டாலே போதும். திருத்துவதையும் ரத்து செய்வதையும்கூடச் செய்து பாருங்கள்.

இணையம் இல்லாதபோதும் ஆப்ஷீட் பதிவு செய்துகொள்ளும், வசதிதான். ஆனால் இரண்டு செல்பேசிகள் ஒத்திசையாமல் இருந்தால், இரண்டும் ஒரே அண்டாவை இரண்டு வீட்டாருக்கு ஒப்புக்கொண்டுவிடும். அதனால் எங்கள் கடையில் முன்பதிவு கல்லாவில் இருக்கும் செல்பேசியில் மட்டும். மற்றவர்கள் பார்க்கலாம், பொருள் திரும்பியதைக் குறிக்கலாம்.

ஏஐயிடம் உதாரணம் காட்டும்போது வாடிக்கையாளர்களின் உண்மையான பெயரையும் எண்ணையும் ஒட்டாதீர்கள். கற்பனைப் பெயர்களோடு ஐந்தாறு வரிகள் இருந்தாலே அதற்குப் புரிந்துவிடும்.