சென்னைக்கு வந்த நாளிலிருந்து மூன்று மாதமாக முடி கொட்டுகிறது. போர் தண்ணீர்தான் காரணமா? மொட்டை அடித்தால் அடர்த்தியாக வளருமா?

தண்ணீரைத் திட்டுவதற்கு முன், சீப்பில் சிக்கிய முடியில் பத்துப் பதினைந்தை எடுத்துக் கறுப்புத் துணிமேல் பரப்பி நுனிகளைப் பாருங்கள். ஒரு நுனியில் குண்டூசித் தலையைவிடச் சின்னதாக வெள்ளைக் குமிழ் தெரிந்தால், அது தன் காலம் முடிந்து உதிர்ந்த முடி. குமிழே இல்லாமல், நீளமும் குறைவாக இருந்தால் அது நடுவில் ஒடிந்த முடி.

போர் தண்ணீரால் ஆவது இந்த இரண்டாவது வகைதான். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் முடிமேல் படிந்து சொரசொரப்பாகும், சிக்கு விழும், ஈரத்தோடு சீவினால் ஒடியும். கண்டிஷனர் போட்டு, கடைசி இரண்டு மக் மட்டும் குடிதண்ணீரில் அலசினால் பெரும்பாலும் போதும். வேர் தோலுக்குள்ளே சில மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. குளிக்கிற தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது.

வெள்ளைக் குமிழைப் பார்த்துவிட்டு "வேரோடு வந்துடுச்சு, இனி முளைக்காது" என்று பயப்படுபவர்கள் நிறைய. அது முடியின் காய்ந்த அடிமுனை, அவ்வளவுதான். முளைக்கிற குழி தலையிலேயே பத்திரமாக இருக்கிறது.

உங்கள் கேள்வியில் முக்கியமானது அந்த மூன்று மாதக் கணக்கு. தலையில் சுமார் 1 லட்சம் முடி உண்டு. ஒவ்வொன்றும் 2 முதல் 6 வருடம் வளர்ந்து, ஏறக்குறைய 3 மாதம் ஓய்வில் இருந்து, பிறகு உதிரும். அதனால் தினம் 50 முதல் 100 முடி போவது சகஜம். டெங்கு, டைபாய்டு, ஆபரேஷன், பிரசவம், பட்டினி டயட், வீட்டில் ஒரு சாவு மாதிரி ஏதாவது உடம்பை உலுக்கினால் ஏராளமான முடி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். அப்போது ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று மாதம் கழித்து மொத்தமாகக் கொட்டும். நீங்கள் வந்தவுடனேயே கொட்ட ஆரம்பித்தது என்றால், காரணத்தைச் சென்னையில் தேடாதீர்கள். ஊரிலிருந்து கிளம்புவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பு என்ன நடந்தது என்று யோசியுங்கள்.

இந்த வகை பெரும்பாலும் 6 மாதத்துக்குள் தானாக நின்றுவிடும். அந்த நேரத்தில் எந்த எண்ணெயைத் தேய்த்துக்கொண்டிருந்தீர்களோ, பெயர் அதற்குப் போய்விடும்! தேங்காயெண்ணெய் முடி ஒடிவதைக் குறைக்கும், உண்மை. புதிதாக முளைக்க வைக்காது. பொடுகு இருக்கும் தலையில் எண்ணெயை ஊறவிட்டால் பொடுகுதான் கூடும்.

ஆறு மாதம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் ரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டுக்கான டிஎஸ்ஹெச். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே ஃபெரிட்டின், அதாவது உடம்பின் இரும்புச் சேமிப்பு, தரைதட்டியிருக்கலாம். மாதவிலக்கில் அதிகம் போகும் பெண்களிடம் இது அடிக்கடி. முடிக்கென்று விற்கும் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டு, லேபிலும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் தைராய்டு அளவு தப்பாகக் காட்டக்கூடும். ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கு பயோட்டின் குறைவதே அபூர்வம்.

பரம்பரை வழுக்கை வேறு கதை. அதில் கொத்துக் கொத்தாகக் கொட்டாது. டிஹெச்டி என்ற ஹார்மோனால் ஒவ்வொரு சுற்றிலும் முடி மெலிந்துகொண்டே போகும். ஆண்களுக்கு நெற்றி ஓரமும் உச்சியும், பெண்களுக்கு வகிடு அகலமாவதும் அடையாளம். தாய்மாமன் தலையைப் பார்த்தால் போதும் என்பது பாதி உண்மை. அப்பா வழியிலும் வரும். இதற்குத் தலையில் தடவும் மருந்தான மினாக்சிடில் 5 சதவீதம் என்றால் ஆண்களுக்கு ஒரு தடவைக்கு 1 மில்லி, தினம் இரண்டு வேளை, காய்ந்த தலையில். பலர் முடிமேல் தடவுகிறார்கள், அது வீண். வகிடு பிரித்துத் தோலில் படவேண்டும், 4 மணி நேரம் அலசக்கூடாது. முதல் சில வாரம் கூடுதலாகக் கொட்டக்கூடும். அதில் பயந்து நிறுத்துகிறவர்கள்தான் "மருந்து வேலை செய்யவில்லை" என்கிறார்கள். நான்கு மாதமாவது ஆகாமல் பலன் தெரியாது. நிறுத்தினால் சில மாதத்தில் பழைய நிலைதான்.

மொட்டைக்கு வருவோம். சவரக்கத்தி வேரைத் தொடுவதே இல்லை. வெட்டாமல் வளர்ந்த முடியின் நுனி கூராக இருக்கும், வெட்டிய முடி மழுங்கலாக இருக்கும். தடவினால் அடர்த்தி போலத் தெரிகிறது. எண்ணிக்கை அதேதான். பழனிக்கு வேண்டுதல் இருந்தால் அடியுங்கள், இதற்காக வேண்டாம். ஹெல்மெட் போட்டால் முடி கொட்டும் என்பதும் அப்படித்தான்: வேருக்கு வேண்டியது ரத்தத்தில் வருகிறது, காற்றில் வருவதில்லை. இழுத்துக் கட்டும் கொண்டைதான் நெற்றி ஓரத்தை நிஜமாகவே காலி செய்யும்.

காசு அளவுக்கு வட்டமாக, வழவழப்பாகப் போனால் புழுவெட்டு. பெயரில்தான் புழு, உடம்பின் எதிர்ப்பு சக்தியே முடியைத் தாக்குவது அது. சின்ன வட்டங்கள் பலருக்கு ஒரு வருடத்துக்குள் தானாகவே மூடும். தேவைப்பட்டால் தோல் மருத்துவர் அந்த இடத்திலேயே ஸ்டீராய்டு ஊசி போடுவார். பூண்டு அரைத்துத் தேய்த்தால் தோல் வெந்துபோகும், அதேபோல அரைத்துத் தடவும் குன்றிமணி விஷம். குழந்தையின் தலையில் வட்டத்தோடு செதிலும் ஒடிந்த முடியும் இருந்தால் அது பூஞ்சை. களிம்பு மட்டும் போதாது, மாத்திரை வேண்டும்.

முடி போன இடம் துளையே தெரியாமல் பளபளவென்று இருந்து, எரிச்சலும் இருந்தால், 6 மாதக் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள். அங்கே வேர் தழும்பாகிக்கொண்டிருக்கலாம். இந்த வாரமே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.