மூளையில் ஊமைக்காயம்: கேள்வி பதில்

கேள்வி: அப்பா பைக்கிலிருந்து மல்லாக்க விழுந்தார். அடி பின்மண்டையில். ஸ்கேனில் நெற்றிப்பக்க மூளை கன்றியிருக்கிறதாம். எப்படி டாக்டர்?

பதில்: மல்லாக்க விழுந்தால் பெரும்பாலும் அப்படித்தான். மண்டை தரையில் மோதி நின்றுவிடும். நீரில் மிதக்கும் மூளை உடனே நிற்காது, உள்ளுக்குள் ஆடும். கண்குழிகளின் கூரையாக இருக்கும் எலும்பு மேல்பக்கம் கரடுமுரடானது. மூளையின் நெற்றிப்பக்கப் பகுதியான நெற்றி மடலின் அடிப்பாகம் அதில் உரசி, நுண்ணிய ரத்தக்குழாய்கள் அறுந்து ரத்தம் கசியும். பின்மண்டையின் உட்புறம் வழவழப்பு. அதனால் நெற்றியில் அடிபட்டவருக்குப் பின்மூளை கன்றுவது அபூர்வம். மோப்ப நரம்பும் அந்தக் கரடான இடத்தில்தான் இருக்கிறது. காபித்தூளை மூக்கருகே நீட்டி, வாசனை தெரிகிறதா என்று கேளுங்கள்.

கேள்வி: முதல் ஸ்கேனில் சிறிய புள்ளி என்றார்கள். மறுநாள் பெரிதாகிவிட்டதே, கவனக்குறைவா?

பதில்: அப்படிச் சொல்லிவிட முடியாது. கசிவு முதல் 24 மணி நேரத்தில் கூடலாம். சுற்றிலும் நீர்கோத்து வீங்குவது இன்னும் சில நாள் ஏறும். அதற்காகத்தான் மறு ஸ்கேன். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போல ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவரென்றால் ஆஸ்பத்திரி வாசலிலேயே சொல்லிவிடுங்கள். பொட்டுப்பக்கக் காயம் சிறியதானாலும் நான் நம்பமாட்டேன். மூச்சையும் நினைவையும் கட்டுப்படுத்தும் மூளைத்தண்டு பக்கத்திலேயே இருக்கிறது, கொஞ்சம் வீங்கினாலும் அழுத்தும்.

கேள்வி: எப்போது ஆபரேஷன்?

பதில்: கன்றல் 50 மில்லிக்கு மேல் போனால் பொதுவாகத் திறப்பார்கள். நெற்றியிலோ பொட்டிலோ 20 மில்லியைத் தாண்டி, நினைவும் மங்கி, மூளையின் நடுக்கோடு 5 மில்லிமீட்டர் நகர்ந்திருந்தாலும் அதேதான். மற்றவர்களுக்குத் தலைமாட்டை 30 டிகிரி உயர்த்தி வைத்து, தேவைப்பட்டால் வீக்கத்தைக் குறைக்கும் மானிட்டால் மருந்தை ஏற்றி, ரத்தத்தில் சோடியம் (உப்பு) அளவைப் பார்த்து வருவார்கள்.

கேள்வி: ஸ்கேன் நார்மல் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தூங்க விடலாமா?

பதில்: தாராளமாக. முதல் ராத்திரி இரண்டு மூன்று தடவை எழுப்பி, பெயரும் இடமும் கேளுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, பேச்சுக் குழறல், வலிப்பு, எழுப்பினாலும் எழாத தூக்கம்: ஒன்று வந்தாலும் 108. வலிக்குப் பாரசிட்டமால் மட்டும். புரூஃபென் வேண்டாம், ரத்தம் உறைவதைக் கெடுக்கும்.

கேள்வி: ஹெல்மெட் போட்டும் மூளை கன்றுமா?

பதில்: கன்றலாம், ஆனால் அடியின் வேகம் குறையும். உள்ளேயிருக்கும் தெர்மாகோல் நசுங்கி, தலை நிற்பதற்குச் சில மில்லிசெகண்ட் கூடுதலாக வாங்கித் தருகிறது. ஒருமுறை நசுங்கியது மீண்டும் உப்பாது. வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் அந்த ஹெல்மெட்டை மாற்றிவிடுங்கள். வாரை மாட்டாமல் போட்டிருந்தால், தலை தரையைத் தொடும் முன்பே ஹெல்மெட் கழன்று உருண்டிருக்கும்.